நூறு கிலோமீட்டருக்கான சிட்டை

கிளியனூர்ப் பக்கம் ஒரு பழைய பெட்ரோல் கார் கைமாறும்போது முதலில் எழும் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். கறவை மாட்டுக்கு விலை பேசுகிறவர் வேளைக்கு எவ்வளவு கறக்கும் என்று கேட்பாரே, அதே கேள்வி. விற்பவர் பதினெட்டு என்கிறார். வாங்கியவர் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பதின்மூன்றுக்கு மேல் ஏறவில்லை என்று பட்டறை வாசலில் வந்து நிற்கிறார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாடு பால் கொடுக்கிறது. கார் எதையும் கொடுப்பதில்லை, செலவழிக்கிறது. எந்தச் சாலையில், எந்த வேகத்தில், என்ன பழுதோடு, எந்தப் பெட்ரோலில் ஓடியது என்பதைப் பொறுத்து அந்தச் செலவு மாறும். ஆகவே வரவாகக் கேட்கப்படும் மைலேஜைச் செலவாகத் திருப்பி எழுதிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதினால்தான் பழைய காரில் பெட்ரோல் போகும் வழி தெரியும் என்பது என் வாதம். எந்தப் பழுதை முதலில் பார்ப்பது, எதில் காசைப் போடாமல் இருப்பது என்ற வரிசையும் அந்தச் சிட்டையிலிருந்தே கிடைக்கிறது.

திருப்பி எழுதுவது என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விட்டுவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். மனக்கணக்கில் ஒன்றல்ல. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடிய வண்டி பன்னிரண்டுக்கு ஏறினால், நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடித்தது 8.3 லிட்டராகிறது, மிச்சம் 1.7 லிட்டர். பதினெட்டு ஓடும் வண்டி இருபதுக்கு ஏறினால் 5.6 லிட்டர் 5 லிட்டராகிறது. மிச்சம் அரை லிட்டருக்குச் சற்று மேல். இரண்டிலும் ஏறியது இரண்டு கிலோமீட்டர்தான், மிச்சமானதோ மூன்று மடங்கு வேறுபடுகிறது. செலவாக எழுதுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கிலோமீட்டர்களை ஒன்றோடொன்று கூட்ட முடியாது, மில்லிலிட்டர்களைக் கூட்டலாம். பதினெட்டு என்றால் நூறு கிலோமீட்டருக்கு 5.6 லிட்டர், பதின்மூன்று என்றால் 7.7 லிட்டர். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே தொலைந்தது 2.1 லிட்டர். அது எந்தெந்த வழியாகப் போனது என்று ஒவ்வொரு இனமாக எழுதிக் கூட்டிப் பார்ப்பதே இனி வேலை.

சிட்டை எழுதும்முன் அளவுகோலைச் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலான மைலேஜ் புகார்கள் ஒரே ஒரு முறை டேங்க் நிரப்பிப் போட்ட கணக்கை நம்பி வருபவை. பங்கில் நாசில் தானாக நின்றுவிடும் இடம் வண்டி நிற்கும் சாய்வு, பெட்ரோல் பாயும் வேகம், நுரை ஆகியவற்றால் மாறும். இருபது லிட்டர் போடும்போது அதில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே ஐந்து சதவீதப் பிழை. சிறு பழுதுகளில் பல அந்த ஐந்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதனால் ஒரே பங்கில், முடிந்தால் ஒரே நாசிலில், தானாக நின்ற இடத்தோடு நிறுத்தி, தொடர்ந்து ஐந்து முறை நிரப்பி, மொத்த லிட்டரையும் மொத்தக் கிலோமீட்டரையும் வகுத்தால்தான் நம்பத்தக்க எண் வரும். ஓடோமீட்டரும் ஒரு சாட்சிதான். அதையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். சக்கரம் சுற்றியதைத்தான் அது எண்ணுகிறது. பன்னிரண்டு அங்குலச் சிறு சக்கரத்தில் புது டயருக்கும் தேய்ந்து வழுக்கையான டயருக்கும் விட்டத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. அது இரண்டு சதவீதத்துக்கு மேல். தேய்ந்த டயர் கூடுதலாகச் சுற்றி மைலேஜைக் கூட்டிக் காட்டும். புது டயர் போட்டதும் மைலேஜ் இறங்கிவிட்டது என்ற புகாரில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழை. முன்னவர் அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தால் பிழை இன்னும் கூடும். இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. இருபது கல் ஓட்டி ஓடோமீட்டரோடு ஒப்பிட்டால் பிழை எத்தனை சதவீதம் என்பது தெரிந்துவிடும்.

விற்பவர் சொல்லும் பதினெட்டைப் போலவே கம்பெனி விளம்பரத்து எண்ணையும் அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஏற்றி, இந்திய ஓட்டச் சுழற்சி என்ற கால அட்டவணைப்படி ஓட்டி எடுத்த அளவு. அதில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது, ஏசி அணைந்திருக்கும், எதிர்க்காற்று இல்லை, நான்கு பேரும் மூட்டையும் இல்லை. அதைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், வாக்குறுதி என்று பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு மாடலை இன்னொரு மாடலோடு ஒப்பிட அது உதவும். நம் வண்டி நலமாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல உதவாது. அதற்கு உதவுவது அதே வண்டியின் போன மாதக் கணக்குதான்.

இனி முதல் இனம், வேகம். நான்கு பேரோடு ஒரு டன் எடையுள்ள சிறிய காரை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் அது இரண்டு எதிரிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. டயர் உருள்வதில் வரும் தடை வேகத்தால் அதிகம் மாறாது. காற்றின் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். மணிக்கு 70-இல் இரண்டும் ஏறக்குறையச் சமம், காற்றின் கை சற்று ஓங்கியிருக்கும். 90-இல் காற்றின் தடை மட்டும் 65 சதவீதம் கூடிவிடுகிறது. மொத்தத் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறுகிறது. பாரம் கூடும்போது எஞ்சின் பெட்ரோலைச் சற்றுத் திறமையாகப் பயன்படுத்துவதால் செலவு அதே அளவு ஏறாது. ஆனாலும் என் கணக்கில் 70-இல் சீராகப் போனால் நூறு கிலோமீட்டருக்கு நாலேகால் லிட்டர் கேட்கும் அந்த வண்டி, 90-இல் ஐந்தேகால் கேட்கும். தொலைந்த 2.1 லிட்டரில் ஒரு லிட்டர் இங்கேயே கிடைத்துவிட்டது. நாற்கரச் சாலை போட்டது 70-இல் ஊர்வதற்கா என்று கேட்பது நியாயம்தான். அதற்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி சுமார் நாற்பது கிலோமீட்டர். 90-இல் இருபத்தேழு நிமிடம், 70-இல் முப்பத்துநான்கு நிமிடம். ஜிப்மர் மருத்துவமனைக்கு அவசரமாக ஆளை ஏற்றிக்கொண்டு போகிறவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். மற்றவர்கள் அந்த ஏழெட்டு நிமிடத்துக்குக் கொடுக்கும் விலையைத் தெரிந்துகொண்டு கொடுக்கலாம். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாக 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே பரிந்துரைத்து வருகிறது. நாற்கரச் சாலையில் அந்த வேகம் பின்னால் வரும் லாரிக்கும் பேருந்துக்கும் இடைஞ்சல் என்பதால் 70 என்பதை நடைமுறைச் சமரசமாகச் சொல்கிறேன்.

இரண்டாவது இனம், பிரேக் மிதிப்பது. ஒரு டன் வண்டி 70-இல் ஓடும்போது அதற்குள் இருக்கும் வேக ஆற்றலைப் பெட்ரோலாக மாற்றி எழுதினால் ஏறத்தாழ 25 மில்லி வரும். முழுக்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த 25 மில்லியைப் பிரேக் டிரம்மில் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். ஊருக்கு ஊர் மீடியன் வெட்டு, போலீஸ் தடுப்பு, பேருந்து நிறுத்தம், சுங்கச்சாவடி என்று நூறு கிலோமீட்டரில் இருபது முறை நின்று புறப்பட்டால் அரை லிட்டர். நிற்காமல் போக முடியுமா என்றால் முடியாது. ஆனால் தடுப்பு அரைக் கிலோமீட்டர் முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. அங்கேயே காலை எடுத்தவர் அந்த அரைக் கிலோமீட்டரை ஏற்கெனவே செலவழித்த பெட்ரோலில் ஓடிவிடுகிறார். கடைசி நொடிவரை மிதித்துக்கொண்டு போனவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார், இரு முறை காசு கொடுத்துவிட்டு. காலை எடுக்கும்போது நியூட்ரலுக்குத் தள்ளினால் இன்னும் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. மாருதி 800 போன்ற வண்டிகள் 2000-ஆம் ஆண்டை ஒட்டி இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், எஞ்சின் சுற்று ஐட்லிங்குக்கு இறங்கும்வரை கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐட்லிங்குக்கான பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். நியூட்ரலில் வண்டி அதிக தூரம் உருளும் என்பதும் உண்மைதான். ஆனால் நிற்கப்போகும் இடத்தில் அந்த அதிக தூரத்தால் பயனில்லை. பிரேக்குக்கு எஞ்சினின் துணையும் போய்விடுகிறது.

மூன்றாவது இனத்தில்தான் பட்டறை உள்ளே வருகிறது: சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்பது. பழைய காரில் இதுதான் பேசாமல் திருடும் திருடன். பின் டிரம்மில் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், ஹேண்ட்பிரேக் கேபிளை அளவுக்கு மேல் முறுக்கியிருப்பார்கள், முன் கேலிபர் பின்னில் துரு ஏறியிருக்கும். மரக்காணத்து உப்பளங்களிலிருந்து வீசும் காற்று எட்டும் ஊர்களில், வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிக்கு இது வழக்கமான நோய். சக்கர விளிம்பில் வெறும் மூன்று கிலோ எடை அளவுக்கு உரசல் இருந்தால் போதும், நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெட்ரோல் போய்விடும். ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது, சத்தமும் வராது. கண்டுபிடிக்கும் வழி எளிது. பத்து கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் உருளவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் கையை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். இடதும் வலதும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் திருடன் அங்கே இருக்கிறான். டயர் காற்றும் இந்த இனத்தில்தான் சேரும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் அளந்து பார்த்ததில், சொன்ன அளவில் முக்கால் பங்கு காற்றோடு ஓடினால் இரண்டு மூன்று சதவீதம்தான் இழப்பு. பாதியாக இறங்கினால் ஐந்து முதல் பத்து சதவீதம். காற்று குறைந்தால் மைலேஜ் பாதியாகும் என்ற பேச்சு மிகை. ஆனால் டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றுப் பிடிப்பதற்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். எஞ்சின் ஆயிலும் அப்படியே. மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சினுக்கு, பழைய வண்டிதானே என்று கெட்டி ஆயிலை ஊற்றினால் ஒன்றிரண்டு சதவீதம் போகும்.

நான்காவது இனம் எஞ்சினின் சூடு. இங்கே என் தொழிலே தன் மேல் ஒரு குற்றத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் வண்டி ஹீட் ஆகும் என்ற பயத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். கூலன்ட் ஊற்றாமல் உப்புப் போர்த் தண்ணீரை ஊற்றி ரேடியேட்டரை அடைத்துவிட்டு, பழியைத் தெர்மோஸ்டாட் மேல் போட்டார்கள். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத கதவு. கதவு இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறவே நீண்ட நேரம் ஆகும். இன்னும் குளிர்ந்த எஞ்சின்தான் என்று சென்சார் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். கடைத்தெரு வரை, பள்ளிக்கூடம் வரை, பேருந்து நிறுத்தம் வரை என்று இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டிக்கு இது பெரிய செலவு. தெர்மோஸ்டாட் நல்ல நிலையில் இருந்தாலும் குறுந்தொலைவு ஓட்டம் பெட்ரோலைத் தின்னும் என்பதால், மூன்று வேலையை ஒரே புறப்பாட்டில் முடிப்பதும் ஒருவகைப் பழுதுபார்ப்புதான். ஆக்சிஜன் சென்சார் இந்த இனத்தின் அடுத்த பெயர். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது சொல்வதை வைத்தே கம்ப்யூட்டர் பெட்ரோலை அளக்கிறது. அது மூப்படைந்து சோம்பலானால் அளவு தவறும். ஓபிடி ஸ்கேனரை மாட்டி ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்த்தால், கம்ப்யூட்டர் தன் அடிப்படைக் கணக்கிலிருந்து எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்று தெரியும். பாகத்தை மாற்றிப் பார்ப்போம் என்று தொடங்குவதைவிட, எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது மலிவு.

இந்த இடத்தில் வழக்கமான மறுப்பு ஒன்று வரும்: எல்லாம் எத்தனால் செய்யும் வேலை, வண்டியில் ஒன்றுமில்லை என்று. பாதி உண்மை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2023-இல் தொடங்கி இரண்டே ஆண்டில் நாடெங்கும் பரவிய இ-20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பத்து சதவீதக் கலப்புக்கு ஏற்ப அமைத்த பழைய கார்களில் மைலேஜ் ஆறு ஏழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. வெறும் ஆற்றல் கணக்குப்படி பத்து சதவீதக் கலப்பிலிருந்து இருபதுக்கு வந்ததற்கு மட்டும் மூன்றரை சதவீதம். நம் சிட்டையில் 200 மில்லி. ஆறு ஏழு சதவீதத்தையே ஏற்றுக்கொண்டாலும் அரை லிட்டரைத் தாண்டாது. பதினெட்டிலிருந்து பதினேழுக்கு இறங்கியதை எத்தனால் கணக்கில் எழுதலாம். பதின்மூன்றுக்கு இறங்கியதை எழுத முடியாது. எத்தனாலால் மெக்கானிக்கும் ஏமாறக்கூடும். கலப்பு கூடும்போது முழுமையாக எரிய அதிக எரிபொருள் வேண்டும் என்பதால் பழைய வண்டியின் ஃபியூயல் ட்ரிம் நான்கைந்து சதவீதம் ஏறி நிற்பது இயல்பு. அதைச் சென்சார் கோளாறு என்று எண்ணிப் பாகத்தை மாற்றினால் காசுதான் போகும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்வதுதான் இங்கே உருப்படியான வேலை.

சிட்டையைக் கூட்டிப் பார்ப்போம். வேகத்தில் ஒரு லிட்டர், நின்று நின்று புறப்பட்டதில் அரை லிட்டர், இறுகிய பிரேக்கில் 450 மில்லி, எத்தனாலில் 200 மில்லி. தொலைந்த 2.1 லிட்டர் ஏறத்தாழ முழுவதும் வந்துவிட்டது. எல்லா வண்டிக்கும் இதே பங்கீடு என்று சொல்லவில்லை. ஒன்றில் ஏசி பெரிய இனமாக இருக்கும், இன்னொன்றில் தெர்மோஸ்டாட். ஆனால் பணம் போகும் இடத்துக்கும் பழுது இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை இந்தக் கூட்டல் காட்டுகிறது. மைலேஜ் குறைந்தால் முதலில் மாற்றப்படுவது ஏர் ஃபில்டர். அடைத்த ஃபில்டர் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலைக் குடித்தது உண்மை. இன்ஜெக்ஷன் வண்டியில் அது பிக்கப்பைக் குறைக்குமே தவிர மைலேஜை அனேகமாகத் தொடுவதில்லை என்று அதே ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-இல் கண்டது. எஞ்சினுக்குத் தூசி போகாமலிருக்க ஃபில்டரை மாற்றுங்கள், மைலேஜுக்காக என்று எண்ணி மாற்றாதீர்கள். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை ஆகியவற்றுக்கு என் சிட்டையில் இனமே இல்லை. காந்தம் காற்றின் தடையைக் குறைக்காது, மாத்திரை பிரேக்கைத் தளர்த்தாது.

புதுச்சேரியில் வரி குறைவு, பெட்ரோலும் மலிவு. அங்கே போட்டால் இத்தனை கணக்கு எதற்கு என்பது இந்தப் பக்கத்தின் தனி மறுப்பு. லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம், பங்க் இருபது கிலோமீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து லிட்டர் போட்டால் மிச்சம் 125 ரூபாய். போய்வர நாற்பது கிலோமீட்டருக்கு லிட்டருக்குப் பதினாறு ஓடினாலும் இரண்டரை லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றால் 250. அதற்கென்றே போனால் நட்டம். வேறு வேலையாகப் போனபோது நிரப்பினால் லாபம். அந்த லாபமும் விலையில் கிடைப்பது. வண்டியின் குடியை அது குறைப்பதில்லை. இறுகிய பிரேக்கோடு ஓடும் கார் மலிவுப் பெட்ரோலையும் அதே அளவுதான் வீணாக்கும்.

பழைய காருக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டி பதின்மூன்றிலிருந்து பதினாறுக்கு ஏறினால் 77 லிட்டர் 62.5 லிட்டராகும், மிச்சம் பதினான்கரை லிட்டர். மாதத் தவணையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான். ஆனால் சிட்டையின் பெரிய இனங்களைச் சரிசெய்யத் தவணை தேவையில்லை: வேகமும் காலும் இலவசம், பிரேக் சிலிண்டரும் தெர்மோஸ்டாட்டும் ஒரு மாத மிச்சத்திலேயே அடங்கிவிடும். வேறு பழைய காரை வாங்குபவர் அதன் பிரேக்கையும் முன்னவரின் பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார். எனவே வாங்கப் போகிறவர் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது என்று கேட்டுவிட்டு நின்றுவிட வேண்டாம். எந்த ரோட்டில், எந்த வேகத்தில், எத்தனை முறை நிரப்பிப் பார்த்த கணக்கு என்று கேட்கட்டும். ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்ததும் விலை பேச உட்காருமுன், வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து நான்கு சக்கரத்துக்கும் கையைக் கொண்டுபோகட்டும்.